வெண்தடக் காசு

கல்லா மேசையில் காசு வாங்கும் ஏற்பி மூன்றாவது முறையும் சிவப்பாக மின்னியது. "மன்னிக்கவும். இந்தக் காசின் தடம் இக்கடைக்கு ஏற்றதல்ல" என்றது, செய்தி வாசிப்பவளின் குரலில்.

எதிரே நின்ற இளைஞன் காசு செலுத்தும் கைப்பட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான். "குழந்தை பொறந்திருக்குண்ணே. ஒரு கிலோ ஜாங்கிரி. நேத்து வந்த சம்பளம், நல்ல காசுதான்."

கடைக்காரர் கும்பலிங்கம் திரையைப் பார்த்தார். சம்பளம் கொடுத்த முதலாளி சரி. அவருக்குக் கொடுத்த மருந்துக்கடை சரி. இன்னும் பின்னால் போனால், நாலு கை தள்ளி, ஒரு கருவாட்டுக் கடை.

"நான் என்ன தம்பி பண்ணட்டும்? மெஷின் வாங்க மாட்டேங்குது."

"உங்க ஜாங்கிரி எத்தனை கை தாண்டி வந்துச்சுன்னு அந்த மெஷின் சொல்லுமாண்ணே?"

அவன் போய்விட்டான். உள்ளே உளுந்து அரைத்துக்கொண்டிருந்த மனைவி மங்களா சிரிப்பது கேட்டது.

காகிதப் பணத்தை ஒழித்துவிட்டு அரசு தடக்காசைக் கொண்டுவந்து சில வருடங்கள் ஆகின்றன. தான் கடந்து வந்த கைகளைத் தடக்காசு மறப்பதில்லை. காசை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அந்தத் தடத்தைப் பார்க்கலாம். லஞ்சம் ஒரே வருடத்தில் செத்தது. அடுத்த வருடம் யாரோ சல்லடை என்ற செயலியை எழுதினார்கள். எந்தக் கை பட்ட காசு வேண்டாம் என்று குறித்து வைத்தால், அது சலித்துத் தள்ளிவிடும். முதலில் சாராயக்கடையைச் சலித்தார்கள். யாரும் தவறென்று சொல்லவில்லை. பிறகு கறிக்கடை, மீன்கடை. பிறகு மயானம். பிறகு சில தெருக்கள். சாதியைக் கேட்டால்தான் குற்றம், தெருவைக் கேட்கச் சட்டத்தில் தடையில்லை.

எல்லாச் சல்லடைக்கும் தப்பிய காசுக்கு வெண்தடம் என்று பெயர். கும்பலிங்கத்தின் கடை கோயில் இடத்தில் இருந்தது. கோயில் வெண்தடத்தில்தான் வாடகை வாங்கும். அதனால் அவரும் 'இங்கு வெண்தடம் மட்டும்' என்று பலகை மாட்டினார். மாட்டிய புதிதில் இங்கே வாங்குவதே ஒரு கௌரவம் என்று கூட்டம் வந்தது. இப்போது ஈதான் வருகிறது.

"இதுகூடவா புரியல உங்களுக்கு?" என்றாள் மங்களா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. "நாம பால்காரருக்குக் குடுக்கறோம். அவர் மீன் வாங்கறார். மீன்காரம்மா கைக்குப் போன காசு திரும்ப வெள்ளையா வருமா? போகத்தான் வழி இருக்கு. வர வழியே இல்ல."

வெள்ளிக்கிழமைக்குள் பாக்கி வாடகையைக் கட்டாவிட்டால் கடை ஏலத்துக்குப் போகும். கும்பலிங்கம் தவணை கேட்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மின்விசிறி ஓடவில்லை. செயல் அலுவலர் விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல மிச்சமிருக்கற வெண்தடம் மொத்தமும் இங்கதான் இருக்கு. செலவு பண்ணா திரும்ப வராதேன்னு பயந்து விளக்குக்குக்கூட எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விடறோம். உண்டியல் காத்தாடுது."

"அப்ப என் வாடகை?"

"நேத்து கமிட்டி கூடிச் சல்லடையை எடுத்துட்டோம். எந்தக் காசா இருந்தாலும் கொண்டு வாங்க. சாமி ஒண்ணும் சொல்லல."

கும்பலிங்கம் அரை ஓட்டமாகக் கடைக்குத் திரும்பினார். பலகையைக் கழற்றினார், சல்லடையை அணைத்தார், அடுப்பை மூட்டச் சொன்னார். மறுநாள் காலை தட்டு நிறைய ஜாங்கிரி அடுக்கியிருந்தபோது முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள். மின்மயானத்தை நடத்தும் கூட்டுறவுக் குழுவின் நீலச் சீருடை. சட்டையில் செங்கமலம் என்று எழுதியிருந்தது.

"வாங்கம்மா, வாங்க! எவ்வளவு போடட்டும்?"

"அரைக் கிலோ போடுங்க மொதலாளி."

அவள் கையை நீட்டினாள். ஏற்பி பச்சையாகக் காத்திருந்தது. சிவந்தது அவளுடைய பட்டைதான். "இந்தக் கைக்குச் செலுத்த இயலாது."

"இது எங்க சல்லடைங்க" என்றாள் செங்கமலம், சங்கடமாக. "உங்களது வர்ற காசைச் சலிக்கும், எங்களது போற காசைச் சலிக்கும். எங்க ஆளுங்ககிட்ட ஒரு தடவையாவது காசு குடுத்து எதையாவது வாங்கின கடைக்குத்தான் எங்க காசு போகும். மீன் மார்க்கெட், கறிக்கடைச் சந்து, எங்க தெரு, எல்லாரும் ஒண்ணா சேர்ந்து வெச்சிருக்கோம்."

"நான் இப்ப எல்லாத்தையும் எடுத்துட்டேனேம்மா!"

"பாத்தேங்க. அதான் வந்தேன். மீன் சாப்பிடுவீங்களா?"

"ஐயோ, வீட்டுக்குள்ளயே வராதும்மா."

"கறி?"

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அப்ப எங்க மயானத்துலதான் வாங்கணும். நாங்க விக்கறது ஒண்ணே ஒண்ணுதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முன்பதிவு இருக்குங்க. கடைவீதில பாதிப் பேர் போட்டாச்சு. பாத்திரக்கடைக்காரர் குடும்பத்துக்கே போட்டிருக்கார்."

"என் பேரைச் சொல்லிடாதீங்க!" என்று உள்ளிருந்து மங்களாவின் குரல் வந்தது.

கும்பலிங்கம் தட்டைப் பார்த்தார். ஜாங்கிரியின் மேல் பாகு உலரத் தொடங்கியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். பிறகு வயது, தகப்பனார் பெயர். கடைசியாகக் கையிலிருந்த வெண்தடம் அத்தனையும் அவளுடைய பட்டைக்குப் போனது. பச்சை. அடுத்து ஜாங்கிரிக்கான காசு இந்தப் பக்கம் வந்தது. அதுவும் பச்சை. அவளுக்குப் பின்னால் வரிசை சேர ஆரம்பித்திருந்தது.

"தேதியைக் காலியா விட்டிருக்கேன் மொதலாளி" என்றாள் செங்கமலம், பொட்டலத்தை வாங்கிக்கொண்டே. "அவசரம் ஒண்ணுமில்ல."