ஸிர்க்காவின் காபி

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி.

இன்ஸ்பெக்டர் ஹெல்வி வான்ஸ்கா பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தார். ரௌனி மேசைமேல் தலைசாய்த்து, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, தூங்குவதுபோல் கிடந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கருவிகளை மூட்டைகட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரௌனியின் முன்னால் பாதி கடித்த ஏலக்காய் ரொட்டி, காலியான வெள்ளைக் கோப்பை. மேசையின் மறுபக்கம் காலி நாற்காலி. அதன் முன்னால் நீல விளிம்பு வைத்த இன்னொரு கோப்பை. அதுவும் காலி. அதன் அருகே தூக்க மாத்திரை அட்டை ஒன்று, ஒரு கரண்டி, கரண்டியில் வெள்ளைப் பொடி.

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே உறைபனி.

"ஜன்னலை யார் திறந்தது?" என்று ஹெல்வி கேட்டார்.

அடுப்போரம் நின்ற எஸ்கோ, தான் இல்லை என்று தலையை ஆட்டினான். இறந்தவளின் தங்கை கணவன். தச்சுவேலை செய்தவன், நோயாளி மனைவிக்காக வேலையை விட்டவன். மீன் பிடித்த கையோடு வந்திருந்தான். காலடியில் வாளி, அதில் நாலைந்து கெண்டைகள்.

"நான் எதையும் தொடல. அக்காவும் தங்கையும் எப்பவும் இப்படித்தான் திறந்து வைப்பாங்க. வீட்டைச் சூடாக்க நான் விறகு பிளக்கிறேன், அவங்க ஏரியைச் சூடாக்குறாங்க."

"எப்போ வெளியே போனீங்க?"

"ஒரு மணிக்கு. காபி போட்டு ரெண்டு பேருக்கும் ஊத்திக் கொடுத்துட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா ரௌனிக்கா இப்படி இருக்காங்க."

"நீலக் கோப்பை யாரோடது?"

"ஸிர்க்காவோடது. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. வேற யாரும் தொட மாட்டாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "அவளைத் திட்டாதீங்க ஹெல்வி. அவளுக்கு மாத்திரை முழுங்க வராது. பொடி பண்ணி காபியில கலந்துதான் குடிப்பா. இன்னிக்கு அதுல எத்தனை போட்டாளோ, எந்தக் கோப்பையை யார் எடுத்தாங்களோ. அவ தெரிஞ்சு செய்யல."

ஹெல்விக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹௌகிலாம்பியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஸிர்க்கா அந்த ஊர்த் தேவாலயத்தில் பதினாறு வருடம் ஆர்கன் வாசித்தவள். கொரோனா வந்த முதல் குளிர்காலத்தில் அவளுக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அவள் மட்டும் திரும்பி வரவில்லை. வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. தட்டு மோதும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேச்சின் நடுவே சொற்கள் உதிர்ந்தன. சில மதியங்கள் அவள் நினைவிலிருந்து முழுதாகக் காணாமல் போயின. காரணமில்லாத பயம் ஒன்று வந்து நாள்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். நகரத்து மருத்துவர்கள் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் பொறுமையாக இருக்கச் சொன்னார். இன்னொருவர் நடைப்பயிற்சி போகச் சொன்னார். அக்கா ரௌனி தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து கூடவே தங்கினாள்.

ஸிர்க்கா படுக்கையறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்வி அருகே குனிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஹெல்வி. தப்பா எடுத்துக்காதீங்க."

ஹெல்வி நாற்காலியை நகர்த்திக்கொண்டார். காவல் நிலையத்தில் அரைக் கோப்பை காபியை அவசரமாகக் குடித்துவிட்டு அப்படியே கிளம்பி வந்தவர் அவர்.

"என்ன நடந்தது, ஸிர்க்கா?"

"அக்காவும் நானும் உக்காந்திருந்தோம். அக்கா சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு... அது போயிடுச்சு. அப்புறம் இங்க படுத்திருந்தேன். அப்புறம் எஸ்கோ கத்தினார்."

"மாத்திரையைப் பொடி பண்ணினியா?"

"எஸ்கோ அப்படிச் சொன்னாரா?"

"ஆமா."

"அப்போ பண்ணியிருப்பேன்." அவள் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "போன மாசம் சர்க்கரை டப்பாவுல சோப்புத்தூளைக் கொட்டினேன். எனக்கு ஞாபகமே இல்ல. நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கோங்க. கையெழுத்துப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிஜமா நான்தானா? அது தெரியாம என்னால இருக்க முடியாது."

ஹெல்வி, கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை, காலை பத்து மணி.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் லெஹ்தோ தொலைபேசியில் அழைத்தார்.

"நீலக் கோப்பையில மட்டும்தான் மருந்து இருக்கு. கூடவே சர்க்கரை, அள்ளிக் கொட்டின மாதிரி. வெள்ளைக் கோப்பை சுத்தம். ஆனா ரௌனி ரெண்டு கோப்பையும் குடிச்ச மாதிரி இருக்கு. வயித்துல அவ்வளவு காபி."

"அந்த மருந்து ஒரு ஆளைக் கொல்லுமா?"

"உன்னையோ என்னையோ ஒரு நாள் பூரா குறட்டை விட வச்சிருக்கும். ரௌனிக்கு ஏற்கெனவே மூச்சுக் கோளாறு. முதுகுவலிக்கு வேற பலமான மாத்திரை. மூணும் சேர்ந்து மூச்சை நிறுத்திடுச்சு. இன்னொண்ணு கேளு. அவ தலைமுடியையும் ராத்திரியே அவசரமா சோதிக்க வச்சேன், அதுலயும் இதே மருந்து இருக்கு. வாரக்கணக்கா உள்ள போயிருக்கு."

ஹெல்விக்குப் போன ஞாயிறு நினைவு வந்தது. பிரசங்கத்தின் நடுவே ரௌனி குறட்டை விட்டாள். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெல்வி விலாவில் இடித்து எழுப்பியபோது ரௌனி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பாதிரியாரே தூங்கிக்கிட்டுத்தான் பேசுறாரு, என்னை மட்டும் ஏன் இடிக்கிற?" என்றாள். அதற்கு முந்தைய ஞாயிறும் அவள் தூங்கினாள்.

அதே நாள், பதினொரு மணி.

எஸ்கோ ஹெல்விக்குக் கதவைத் திறந்துவிட்டதும் காபி போட்டான். அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டிலும் காபி கொடுப்பார்கள். காவலர் வந்தாலும் கொடுப்பார்கள். வேண்டாம் என்பது முகத்தில் அறைந்ததற்குச் சமம். ஊற்றிய காபியைக் கீழே கொட்டுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

நீலக் கோப்பை ஆய்வுக்குப் போயிருந்ததால் ஸிர்க்காவுக்கு வேறொரு கோப்பையில் கொடுத்தான். நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

"நல்லா இனிப்பாக் குடி. தெம்பு வேணும்."

"நன்றி எஸ்கோ." அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டாள்.

எஸ்கோ விறகு எடுக்க வெளியே போனான். கதவு சாத்திய ஓசை கேட்டதுமே ஸிர்க்கா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். தன் கோப்பையை மேசைமேல் ஹெல்வி பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்களே குடிச்சிடுங்க. உங்களுக்குப் பிடிக்கும்ல?"

பாவம், உபசரிக்கிறாள் என்று ஹெல்வி நினைத்தார். அந்தச் சர்க்கரைப் பாகையும் குடித்து முடித்தார். ஸிர்க்கா காலிக் கோப்பையை மெல்ல இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

எஸ்கோ விறகோடு உள்ளே வந்தான். காலிக் கோப்பையைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. "சமத்து!" என்றான்.

ஹெல்வி அந்தக் கோப்பையைப் பார்த்தார். திறந்த ஜன்னலைப் பார்த்தார்.

"எஸ்கோ, விறகை வச்சிட்டு உக்காருங்க," என்றார்.

அவன் உட்கார்ந்தான்.

"ஸிர்க்கா, நீ கடைசியா எப்போ காபி குடிச்சே?"

ஸிர்க்கா கணவனைப் பார்த்தாள். தலை குனிந்தாள்.

"என்ன கேள்வி இது?" என்றான் எஸ்கோ. "இப்பத்தான் குடிச்சா. கோப்பையைப் பாருங்க."

"அதை நான் குடிச்சேன். சொல்லு ஸிர்க்கா."

"காய்ச்சலுக்கு அப்புறம்..." சொல் வரவில்லை. மறுபடி முயன்றாள். "அப்புறம் குடிச்சதே இல்ல. எனக்கு அது காபி வாசனையா வரல. ரப்பர் எரியுது. செத்த எலி மாதிரி. முதல்ல ரோஜாப்பூ அப்படி ஆச்சு, அப்புறம் ரொட்டி. ரொட்டி சரியாயிடுச்சு. காபி மட்டும் இன்னும் அப்படியே."

"இதை எங்கிட்ட சொல்லலையே!" எஸ்கோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "தினமும் கொடுக்கிறேனே, ஸிர்க்கா. தினமும் வாங்கிக்கிறியே."

"இருபது வருஷமா நீங்கதான் போட்டுக் கொடுக்கிறீங்க. எனக்காக வேலையை விட்டீங்க. நான் சிரிக்கிறதில்ல, பாட்டு வாசிக்கிறதில்ல, ராத்திரி உங்களை அடிச்சேன்னு வேற அக்கா சொன்னா. நான் உங்ககிட்ட வாங்கிக்கிற ஒரே நல்லது அந்தக் காபி. அது நாறுதுன்னு எப்படிச் சொல்றது? அக்கா சொன்னா, 'கவலைப்படாதே, உன் பங்கையும் நான் குடிச்சிடுறேன், அவனுக்கு எதுக்கு வருத்தம்'னு."

ஹெல்வி நாற்காலியை எஸ்கோவின் பக்கம் திருப்பினார்.

"எஸ்கோ," என்றார் ஹெல்வி. "நேத்து எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஸிர்க்கா மாத்திரையைப் பொடி பண்ணி காபியில கலந்து குடிப்பான்னு. காபி பக்கத்துல வந்தாலே ஜன்னலைத் திறக்கிறவ, மருந்தைக் கொண்டுபோய் அதிலயா கலப்பா? அந்தப் பொடியை வேற யாரோ போட்டிருக்காங்க. ஸிர்க்கா குடிப்பான்னு நம்பித்தான் போட்டிருக்காங்க. அவ குடிக்க மாட்டான்னு ரௌனிக்குத் தெரியும். இந்த வீட்டுல அது தெரியாத ஒரே ஆள் நீங்கதான்."

எஸ்கோ மறுக்கவில்லை. பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஜனவரியில இவ உறைஞ்ச ஏரிமேல நடந்து போயிட்டா," என்றான். "பனிக்கு அடியில ஆர்கன் கேக்குதுன்னு வெறுங்காலோட போனா. ரௌனிக்காவால பிடிச்சு நிறுத்த முடியல. அதுக்கு அப்புறம் நான் பனியில உக்காந்து தூண்டில் போட்டா காதெல்லாம் வீட்டுப் பக்கம்தான். போன் அடிக்கும். அடிக்காட்டி அதைவிட பயம். மதியம் ரெண்டு மணி நேரம் இவ தூங்கினா போதும்னு நினைச்சேன். ரெண்டே மணி நேரம், ஹெல்வி. ஒரு மாத்திரை போட்டேன். கசப்பு தெரியாம இருக்க சர்க்கரை. இவ தூங்கல. ரெண்டாக்கினேன். அப்பவும் தூங்கல. இவளுக்கு மருந்தே ஏறலைன்னு நினைச்சு இன்னும் கூட்டினேன்."

"ரௌனி தூங்கி வழிஞ்சதைப் பாக்கலையா?"

"பாத்தேன். இவளைப் பாத்துப் பாத்துக் களைச்சுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்." அவன் கண்ணைத் துடைத்தான். "நேத்து வந்து பாத்ததும் புரிஞ்சுது. நீலக் கோப்பை காலி, ஆனா இவ நல்லா முழிச்சிருக்கா. அக்காதான் குடிச்சிருக்காங்க. ஏன்னு மட்டும் புரியல."

"அதுக்கு அப்புறம்தான் அட்டையையும் கரண்டியையும் இவ இடத்துல வச்சீங்க."

"சட்டம் இவளை ஒண்ணும் பண்ணாதுல்ல? நோயாளின்னு விட்டுடுவாங்க. இங்கயே இருப்பா, நான் பாத்துக்குவேன். நான் உள்ள போயிட்டா யார் பாத்துக்குவா? அதான்."

"நான்தான் அக்காவைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேனே, எஸ்கோ," என்றாள் ஸிர்க்கா. அவள் குரலில் கோபம் இல்லை.

"நீ மறந்துடுவேன்னு நினைச்சேன்," என்றான் அவன்.

ஒன்றே கால் மணிக்கு நகரத்திலிருந்து வண்டி வந்தது. எஸ்கோ கோட்டை மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று திரும்பி, ஹெல்வியிடம் அல்ல, பொதுவாகச் சொன்னான்:

"ஒன்பது மணி மாத்திரையை இவ மறந்துடுவா. போட்டேன்னு சொல்லுவா, போட்டிருக்க மாட்டா. யாராவது பக்கத்துல நின்னு பாக்கணும்."

"யாராவது பாத்துப்பாங்க," என்றார் வண்டியோட்டி வந்த காவலர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வண்டி போய்விட்டது. ஸிர்க்கா ஜன்னலோரம் நிழலில் நின்றாள்.

"நான் இல்ல, ஹெல்வி."

"இல்ல. நீ இல்ல."

"அந்த மதியம் எனக்கு ஞாபகம் இருக்கு இப்போ. அக்கா என் கோப்பையை எடுத்துக் குடிச்சா. 'உன் புருஷன் சர்க்கரை வியாபாரம் பண்றானா'ன்னு கேட்டுச் சிரிச்சா." அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். "நாறுதுன்னு ஒரே ஒரு நாள் எஸ்கோகிட்ட சொல்லியிருந்தா அக்கா இருந்திருப்பா. இல்லையா?"

இல்லை என்று சொல்ல ஹெல்வியின் நாக்கு துடித்தது. அது பொய். இந்த வீட்டில் ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் மறைத்தது போதும் என்று நினைத்தார்.

"இருந்திருப்பா," என்றார். பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நகராட்சிச் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பராமரிப்பு விடுதியில் படுக்கை இல்லை, காத்திருப்பவர்கள் பலர், வீட்டுக்கு ஆள் அனுப்புவது பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றாள். இந்த மாதிரி நோயாளிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள்.

ஹெல்வி தன் வீட்டுக்குப் பேசி, பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்து, ஸிர்க்கா விழுங்கும்வரை பக்கத்தில் நின்றார். அவளைப் படுக்கவைத்துத் தெரிந்த ஜெபம் ஒன்றைச் சொன்னார். ஸிர்க்காவுக்கு முதல் பாதி நினைவிருந்தது. மீதியை ஹெல்வி தனியாகச் சொல்லி முடித்தார்.

மறுநாள் இரவுக்கு யார் என்று அவருக்கே தெரியவில்லை.