மூன்றாம் அடியில் உடையும் கதவு

"சார், கதவுல ஆளைத் தூக்கி அடிச்சா உள்ளேருந்து ஒரு முனகல் வருதே, அது பிரமாதம்," என்றான் கேமை ஆடிச் சோதிக்கும் டெஸ்டர், போனில்.

கேமில் அந்தக் கதவை அமைத்தவன் அதற்கு எந்தச் சத்தமும் சேர்த்திருக்கவில்லை.

"காதைக் கழுவிட்டு வந்து கேளு," என்று சொல்லி வைத்துவிட்டான். நாள் முழுக்கப் பொத்தானை அமுக்கிச் சம்பளம் வாங்குகிறவனுக்குக் காது ஒரு கேடு.

சண்டை வீடியோ கேம்களுக்குக் களம் அமைப்பது அவன் தொழில். எந்தச் சுவர் இடிய வேண்டும், எந்தக் கதவு எத்தனை அடி தாங்கும் என்பதெல்லாம் அவன் முடிவு. இந்தத் தடவை சொந்த வீட்டு மாடியையே களமாக்கியிருந்தான். கோடியில் அண்ணனின் அறை. அண்ணன் ஏழு வருஷமாகப் படுத்த படுக்கை. அந்த நோயே தண்டச்சோற்றுக்கு ஒரு சாக்கு என்பது தம்பியின் தீர்மானம். கதவை மூன்றே அடியில் தூளாகும்படி அமைத்தபோது அவனுக்கு அப்படியொரு திருப்தி.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெளியே மதிய மழை. காயாத துணியின் வாடையும் மாடியிலிருந்து இறங்கிய தைல நெடியும் கீழறையில் கலந்து தேங்கி நிற்க, திரைச்சீலையின் நிழல் சுவரில் மெல்ல ஏறியும் இறங்கியும் ஊர்ந்துகொண்டிருக்க, அவன் கன்ட்ரோலரை எடுத்துத் திரையில் முஷ்டி மடக்கி முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்த ஒரு மல்லனைத் தூக்கிக் கதவின்மேல் வீசினான்.

மொத்தென்று ஓர் ஓசை. பின்னாலேயே முனகல்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மறுபடி வீசினான். முனகல் மாடியிலிருந்து வந்தது.

"தம்பி," என்றது அண்ணனின் குரல். "போதும்டா. வலிக்குது."

"நடிப்பைப் பாரு," என்று முணுமுணுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். படுத்துக் கிடக்கிறவனுக்குப் போய்ப் பயப்படுவதா? மூன்றாம் முறையும் வீசினான்.

மேலே மரம் பிளந்தது.

பிறகு எதுவும் இல்லை. மழைச் சத்தம்கூட.

"அண்ணா?"

படியேறினான். காலடியில் மரச்சிராய் நெருடியது. தைல நெடிக்கு அடியில் ஏதோ கருகிய நாற்றம். கதவு சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே கிடந்தது. கட்டில் காலி.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். முதுகு நிமிர்ந்து. முஷ்டிகள் மடங்கி. குச்சிக் கால்கள் முன்னும் பின்னும், முன்னும் பின்னும் அசைந்தபடி.

"படுத்துக்கண்ணா," என்றான்.

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். புழுவைப் பார்க்கிற பார்வை.

அறைக்குப் பின்சுவர் இல்லை. தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஆட்கள். வரிசை வரிசையாக. கேமில் அவன் நிரப்பிய பார்வையாளர்களைப் போலவே கண்ணும் மூக்கும் இல்லாத முகங்கள். எல்லாம் அவன் பக்கம் திரும்பின. கை தட்டத் தொடங்கின.

ஓட நினைத்தான். கால் திரும்பவில்லை. அசைந்தது. முன்னும் பின்னும். அவன் கைகள் தாமாகவே மடங்கி, மெல்ல உயர்ந்தன.