இரண்டு குல்லாக்கள்

"இது என் பிள்ளை இல்லை!"

காலை பத்து மணிக்கு அந்த அலறல் பிரசவ வார்டையே உலுக்கியது. அலறியவள் ஒரு தையல்காரி. இரவெல்லாம் வலியில் துடித்து, விடியும் நேரத்தில் சுகப்பிரசவத்தில் ஆண் குழந்தை பெற்றவள். அவள் காட்டிய சிசு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தது. விலா உள்வாங்க, மூச்சு படபடவென்று ஓடியது.

"என் பிள்ளை பிறந்ததும் வீல்னு கத்துச்சு. இது முனகிட்டே கிடக்கு!"

அசதியில் உளறுகிறாள் என்றார்கள். சீக்குப் பிள்ளையைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்றும் கிசுகிசுத்தார்கள். அவள் கணவன் போலீசுக்குப் போன் செய்தான்.

வந்த இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. அளந்துதான் பேசுவார்.

அன்று அங்கே பிறந்தவை இரண்டே குழந்தைகள். இரண்டும் ஆண். மற்றது கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகன். வலி வரும் முன்பே தேதி குறித்துச் செய்த சிசேரியனில் பிறந்தவன்.

"மாற வாய்ப்பே இல்ல மேடம்," என்றாள் நர்ஸ். "கால்ல பேர் எழுதின பட்டை இருக்கு. ஒரு தடவை பூட்டினா வெட்டித்தான் எடுக்கணும்."

"வெட்டியிருக்கா?"

"இல்லையே!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பட்டை முழுசாகத்தான் இருந்தது. பூட்டின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கீறல். மற்றக் குழந்தையின் பட்டையிலும் அதே இடத்தில் அதே கீறல்.

"உங்க டூட்டி எப்போ ஆரம்பம்?"

"எட்டு மணிக்கு. குல்லா போட்டு, துணி சுத்தித்தான் ரெண்டும் என் கைக்கு வந்துச்சு."

"அதுக்கப்புறம் யார் உள்ள வந்தாங்க?"

"ரெண்டு அப்பாவும். தனித்தனியா."

குழந்தை மருத்துவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நுரையீரல்ல தண்ணி வத்தல. அதான் மூச்சு வாங்குது. பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும். வலியே வராம ஆபரேஷன்ல எடுக்கிற குழந்தைங்களுக்குத்தான் இது அதிகம். சுகப்பிரசவத்துல கம்மி. ஆனா வராதுன்னு சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கடிகாரக்காரர் மனைவியின் அறையில் இல்லை. கண்ணாடிச் சுவரோரம் நின்று, பெட்டிக்குள் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன இடுக்கி எட்டிப் பார்த்தது.

"அது பொழைச்சிடுமா மேடம்?"

"உங்க பிள்ளை எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்." கண் மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

கால் மணி நேரத்தில் எல்லோரும் சிசேரியன் ஆன தாயின் அறையில் கூடினார்கள். பெட்டியும் வந்தது.

"ரெண்டு குல்லாவையும் கழட்டுங்க."

பெட்டியில் கிடந்தவனின் தலை எலுமிச்சை போல் உருண்டையாக இருந்தது. சிசேரியன் தாயின் மடியில் இருந்தவனுக்கோ மண்டை பின்பக்கம் நீண்டு கூம்பியிருந்தது.

மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இவன் பிறப்பு வழியில நெருக்குண்டு வந்தவன்! ஒரு வாரத்துல தலை சரியாயிடும். ஆனா ஆபரேஷன்ல எடுத்த பிள்ளைக்கு இப்படி ஆகாது."

"ரத்தப் பரிசோதனை செஞ்சு உறுதிப்படுத்திக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "பட்டையில பேர் பாத்தீங்க, தலையை யாரும் பாக்கல. பூட்டை உடைக்காம திறக்க நுணுக்கமான கருவியும் பழகின கையும் வேணும். நல்லா இருக்கிற பிள்ளையை விட்டுட்டு, அடுத்தவர் பிள்ளைகிட்ட தவம் கிடந்தது ஒரே ஒருத்தர்தான்."

அவர் கடிகாரக்காரர் பக்கம் திரும்பினார்.

கடிகாரக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைக்கு மூச்சு வாங்குறதைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏற்கெனவே ரெண்டு பிள்ளையைப் புதைச்சிருக்கோம். மூணாவதும் போச்சுன்னா இவ தாங்க மாட்டா மேடம்..."

தையல்காரி நேரே போய்த் தன் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தாள். அதன் பிறகுதான் தேம்பித் தேம்பி அழுதாள்.

கடிகாரக்காரரின் மனைவி தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி எழ முயன்றாள். மருத்துவர் பெட்டியை அவள் அருகே தள்ளினார். "பயப்படாதீங்கம்மா. காலையில இருந்ததுக்கு மூச்சு இப்போ கொஞ்சம் நிதானமாயிருக்கு."

அவள் வட்டத் துவாரம் வழியே கையை விட்டு அந்தப் பிஞ்சு மார்பைத் தொட்டாள். அது வேகமாக ஏறி இறங்கியது.

கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவன் செத்துப் போயிருந்தா, யார் பிள்ளைன்னு சொல்லி அழுதிருப்பீங்க?"