மாதம்மாவின் கிண்ணத்துத் தண்ணீர்

கன்னட ஊரொன்றின் அக்ரஹாரத்துப் பழைய வீடொன்றில் அந்த மெஸ் நடக்கிறது. முதல் நாள் காலை பின்கட்டுச் சமையலறைக்குள் நுழைந்தபோது புகையும் ஈரச் சாம்பலும் அடிப்பிடித்த ராகியுமாக ஒரு வாசனை. பகலிலும் பல்பு எரிந்தது. நான் திருவாரூர்க்காரி, எனக்குச் சோறு வடிக்கத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் காளிதாஸ் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. மூன்று நாளில் ராகி முத்தே என்கிற களியுருண்டை உருட்டப் பழகாவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளி கன்னடத்தில் சொன்னதை, கொள்ளேகால் பக்கத்துக் கெம்பம்மா எனக்குத் தமிழில் சொன்னாள்.

கெம்பம்மாவும் தேவம்மாவும் கொதிக்கக் கொதிக்கக் களியைப் பலகையில் கொட்டி, கையை நனைத்து, பந்து பந்தாக உருட்டித் தள்ளுவார்கள். ஆளுக்கொரு தண்ணீர்க் கிண்ணம். அடுத்தவள் கிண்ணத்தில் கை வைப்பதில்லை. மூலையில் நாலாவதாக ஒரு கிண்ணம் இருந்தது. அதற்கும் கெம்பம்மா தினமும் தண்ணீர் ஊற்றுவாள்.

"அது யாரோடதுக்கா?"

"மாதம்மாளுது. முப்பது வருசம் இங்கயே உருட்டுனா. போன தையில அடுப்படியிலயே போயிட்டா. நீ அந்தப் பக்கம் போவாத கண்ணு."

மூன்றாம் நாள் என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். உடம்பில் ஒரு நரம்புகூட என் பேச்சைக் கேட்கவில்லை. என் கிண்ணத்துத் தண்ணீர் சூடேறிக் கிடந்தது, எழுந்து போய் மாற்றத் தெம்பில்லை. எழவு, தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மூலைக் கிண்ணத்துக்குள் கையை விட்டேன்.

ஜில்லென்றது.

உள்ளே வேறு இரண்டு கைகள் இருந்தன.

காய்ச்சுப்போன கைகள். என் கைகளைப் பற்றின. பிறகு மெல்ல என் தோலுக்குள் புகுந்தன.

அப்புறம் எரிச்சலே இல்லை. களி ஆவி பறக்க, கைகள் தாமாகவே உருட்டித் தள்ளின. தேவம்மா வேலையை நிறுத்திவிட்டு, "அய்யோ ஷிவனே" என்றாள்.

கெம்பம்மா என் காதருகே குனிந்தாள். "அவ தண்ணியிலயா கை வெச்ச?"

"வேலை நெலைக்கும்லக்கா. அது போதும்."

"அவளுக்கு ஓயத் தெரியாது புள்ள. செத்தும் ஓயல."

நாளையிலிருந்து நான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். சந்தோஷம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டில் என் ஆறு வயது மகள் வினிதா சுருண்டு கிடந்தாள். "அனு, புள்ளைக்கு அனலா கொதிக்குது. தொட்டுப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர், படுத்தபடியே.

நெற்றியில் கை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. பெற்ற பிள்ளையின் காய்ச்சல் தெரியாத கை என்ன கை!

"அம்மா, கைய எடும்மா. குளுருது."

எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

இன்னொரு கை தானாக எழுந்து அவள் பின்மண்டையை ஏந்திக்கொண்டது. இரண்டு உள்ளங்கைகளும் குழிந்தன. என் குழந்தையின் தலையை, அழுத்தி, வட்டமாக, உருட்டத் தொடங்கின.