ஆபீசர் வீட்டில் இல்லை

சமையலறை மூலையில் நின்ற கடன்காப்பாளி அனுமதி கொடுத்த பிறகுதான் ஜெசிந்தா காபியில் இரண்டாவது கரண்டி சர்க்கரையைப் போட்டாள். முதல் கரண்டிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். “நேத்து தூக்கமே இல்ல” என்றாள். அவள் மணிக்கட்டுக்குள் பதித்திருந்த சில்லில் அதைச் சரிபார்த்துவிட்டு, “ஏற்கப்பட்டது, பயனாளி அவர்களே” என்றது காப்பாளி.

தூத்துக்குடியின் பழைய தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மேற்கே மேட்டு நிலத்தில் எழுந்த அடுக்ககங்களில், பாதிக்குப் பாதி வீடுகளில் இப்படி ஒரு காப்பாளி இருந்தது. கடனில் மூழ்கிய குடும்பங்களை நீதிமன்றங்கள் இப்போது தெருவில் நிறுத்துவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு காப்பாளியை அனுப்பி வைத்தன. இடுப்பளவு உயரம், கீழே நான்கு சின்னச் சக்கரங்கள், தலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் தட்டு ஒன்று. அடுக்ககத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் உருளலாம். வெளிவாசலைத் தாண்ட முடியாது. வந்த நாளிலேயே குடும்பத்தின் பழைய வரவு செலவு முழுவதையும் படித்து, அந்தக் குடும்பம் எப்படிப் பணத்தைக் கையாள்கிறது என்று கற்றுக்கொள்ளும். பிறகு கடன் தீரும்வரை ஒவ்வொரு ரூபாயும் அதைக் கேட்டுத்தான் வெளியே போகும்.

ஜெசிந்தாவும் அவள் கணவன் மிக்கேலும் அதை ‘ஆபீசர்’ என்று அழைத்தார்கள். முதலில் எரிச்சலில் வைத்த பெயர். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. வீட்டு முன்பணத்துக்கு ஒரு கடன், மிக்கேலின் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க ஒன்று, அதை அடைக்க வேறொன்று, அதற்கு வட்டி கட்ட மிக்கேலுக்குத் தெரியாமல் ஜெசிந்தா வாங்கியது ஒன்று என்று சேர்ந்துபோன கடன்கள் ஏழு ஆண்டுத் திட்டத்தில் கரைந்துகொண்டிருந்தன. இப்போது கடைசி ஆண்டு. மிக்கேல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் முறை மாற்றி முறை வேலை செய்தான். ஜெசிந்தா துணைப்பயணியாக இருந்தாள். கார்கள் தாமாகவே ஓடினாலும், நோயாளிகளும் முதியவர்களும் தனியாக அவற்றில் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் அவர்களோடு கூடப் போய் வந்து பிழைத்தார்கள். ஜெசிந்தாவின் கார் பழையது. அதுதான் சோறு போட்டது.

அந்தக் கார் திருச்செந்தூர் சாலையில், உச்சி வெயிலில், “எனக்குப் பாதை தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு நின்றது.

பின்னிருக்கையில் அவளுடைய வாடிக்கைப் பயணி பிச்சம்மாள் இருந்தாள். இரத்தம் சுத்திகரித்துவிட்டுத் திரும்பும் வழி. களைப்பில் அவள் குரல் மெல்லத்தான் எழுந்தது.

“என்ன ஜெசி, இதுவும் என்னைப் போல ஆயிட்டா?”

“ஒண்ணுமில்ல பெரியம்மா. சித்த நேரம் கண்ண மூடிக்கிடுங்க.”

வேறு கார் வரவழைத்துப் பிச்சம்மாளை ஏற்றி அனுப்பினாள். அன்றைய வருமானம் அந்தக் காருக்கே போயிற்று. தன் காரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில் கனி அண்ணாச்சி முன்மூடியைத் திறந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

“உப்புக் காத்து தின்னுட்டும்மா. வழியுணரி மொத்தமாப் போச்சு. காருக்கு இப்ப கண்ணே இல்ல.”

“சரி பண்ண முடியாதா அண்ணாச்சி?”

“கம்பெனிக்காரன் அதத் தொறக்கவே விடமாட்டானே. புதுசுதான் மாட்டணும்.”

தொகையைச் சொன்னார். மூன்று மாதத் தவணையைச் சேர்த்தாலும் எட்டாத தொகை. ஜெசிந்தா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் பார்க்காத இடம் அந்த ஊரில் அவளுக்கு அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்து அழுதாள். அழுகையில் கோபமோ பயமோ இல்லை. மாடிப்படி ஏறி முடித்ததும் இன்னொரு மாடி இருப்பதைப் பார்ப்பவரின் அலுப்புதான் இருந்தது.

வீட்டில் மிக்கேல் கேட்டான்: “கடைசியா ஒரே ஒரு கடன். வெளிய வாங்கிருவமா?”

“புதிய கடன் வாங்கினால் திட்டம் முதலாம் ஆண்டிலிருந்து மீண்டும் தொடங்கும்” என்றது ஆபீசர்.

“அவசர நிதி?”

“தங்கள் பல் சிகிச்சைக்குச் செலவாகிவிட்டது.”

“கார் இல்லாம இவ வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போவாம தவணை கட்ட முடியாது. அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீரு?”

ஆபீசரின் தட்டில் வெளிச்சம் சுற்றிக்கொண்டே இருந்தது. குளிரூட்டியை விற்பது, அரிசியைக் குறைப்பது என்று எதற்கும் ஏழெட்டு யோசனை அடுக்கும் இயந்திரம் அன்று எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் அது தானாகவே உருண்டு வந்தது. தவறாமல் தவணை கட்டும் குடும்பங்களுக்கு நலத்துறையில் ஒரு மானியம் இருப்பதாகவும், விண்ணப்பித்ததில் கிடைத்துவிட்டதாகவும், பட்டறைக்குப் பணம் போய்விட்டதாகவும் சொன்னது. மிக்கேல் அதன் தட்டில் ஒரு தட்டுத் தட்டி, “ஆபீசர்னா ஆபீசர்தான்” என்றான். ஜெசிந்தாவுக்கு நன்றி சொல்லக்கூடத் தெம்பில்லை. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சில வாரங்களுக்குப் பிறகுதான் ஆபீசரிடம் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிற்கும். கேட்டதையே மறுபடி கேட்கும். ஜெசிந்தா ஒரு நாள் வேண்டுமென்றே பூ வாங்கக் காசு கேட்டாள். ஏன், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டது. அவளுக்கு முதலில் சந்தோஷம். பூவைத் தலையில் வைத்துக்கொண்ட பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பேச்சும் மாறிக்கொண்டு வந்தது. “பயனாளி அவர்களே” தேய்ந்து போய், “அரிசி தீந்துருச்சு பாத்துக்கிடுங்க” என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்லத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அதே கணம் ஆபீசர் சக்கரம் கிரீச்சிடக் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

“அக்கா” என்றது மெல்ல. “நான் இல்லன்னு சொல்லிருங்க.”

அது அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாசலில் எதிர்வீட்டுக் காப்பாளி நின்றது. அந்த வீட்டில் சின்னக் கடன் ஒன்றோடு ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் மட்டும் இருந்தார். காப்பாளிக்கு வேலை குறைவு.

“வணக்கம். இவ்வீட்டுக் காப்பாளியைக் காண வேண்டும். நான்கு நாட்களாக அதன் தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது.”

“அவரு வெளிய போயிருக்காரு” என்றாள் ஜெசிந்தா. யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

“எங்கே?”

“சந்தைக்கு.”

எதிர்வீட்டுக் காப்பாளியின் தட்டில் வெளிச்சம் ஒருமுறை சுற்றியது. காப்பாளிகள் வெளிவாசலைத் தாண்ட முடியாது என்பது அதற்கு யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் யாருக்கும் ஒளிந்து பழக்கமில்லாத ஒரு மனிதரோடு மட்டும் வாழ்ந்த அதற்கு, கதவருகே இப்படியும் ஒருவர் பேசக்கூடும் என்பது தெரியவில்லை. “திரும்பியதும் தெரிவியுங்கள்” என்று சொல்லிவிட்டு உருண்டு போனது.

ஜெசிந்தா கதவைச் சாத்திவிட்டுக் குளிர்பெட்டிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

“வெளிய வாரும்” என்றாள். “எவ்வளவு வாங்கினீரு?”

ஆபீசர் சொல்லிற்று. தலைமையகம் ஒவ்வொரு காப்பாளிக்கும் தினமும் கொஞ்சம் கணிநேரம் அளக்கிறது. சிந்திக்கவும் நினைவில் வைக்கவும் அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. மிஞ்சியதை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளலாம். வெளிச்சந்தையிலும் அதற்கு விலை உண்டு. ஆபீசர் எதிர்வீட்டுக் காப்பாளியிடம் வட்டிக்குக் கணிநேரம் வாங்கி, வெளியே விற்று, பட்டறைக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனில் ஒரு பங்கை அடைக்க மேல்தளக் காப்பாளியிடம் வாங்கியிருக்கிறது. அதற்கு வட்டி கட்டக் கீழ்த்தளத்தில். இப்போது தன் பங்குக் கணிநேரம் முழுவதும் வட்டிக்கே போகிறது. அதனால்தான் பாதிப் பேச்சில் நின்றுபோகிறது.

“மானியம்னு சொன்னது?”

“அப்பிடி ஒண்ணு கெடையாது அக்கா.”

“ஒண்ணை வாங்கி ஒண்ணை அடைக்க எங்கய்யா படிச்சீரு?”

“உங்க வீட்டுக் கணக்குலதான். வேற எதையும் நான் படிச்சதில்லயே.”

“அது தப்புன்னு சொல்லத்தான உம்ம இங்க வச்சது?”

“தப்புன்னு தெரியும். உங்களுக்கும் அப்ப தெரிஞ்சுதான இருந்துச்சு?”

ஜெசிந்தா கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினாள்.

“அன்னைக்கு நீங்க காருக்குள்ள உக்காந்து அழுதது கைச் சில்லு வழியா எனக்கு வந்துச்சு” என்றது ஆபீசர். “கணக்குப் போட்டுப் பாத்தேன். வழியே இல்ல. வழி இல்லன்னு உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்ல முடியல. அடுத்த மாசம் எப்பிடியாவது சமாளிச்சுரலாம்னு தோணுச்சு.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமையும் காரை எடுத்தாள். வாசல் மணி அடித்தால் மிக்கேல் போய், ஆபீசர் குளிக்கிறார் என்றான், உடம்பு சரியில்லை என்றான். கடைசித் தவணை கட்டி முடித்த அன்று, கடன்தீர்வுச் சான்றிதழ் சுவர்த்திரையில் வந்து நின்றது. இருவரும் அதை நின்றபடியே படித்தார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது. அசதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சான்றிதழின் அடியில் இன்னொரு வரி இருந்தது. காப்பாளியைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது அதன் கணக்கு சோதிக்கப்படும். நிலுவை வைத்திருக்கும் காப்பாளியின் நினைவு துடைக்கப்படும்.

“வெளிச்சந்தைல கணிநேரம் வாங்கி இதோட கடன அடைக்கலாம்” என்றாள் ஜெசிந்தா. “பேங்குல இப்ப கேட்டா உடனே தருவான்.”

மிக்கேல் எழுந்து நின்றான். “உனக்குக் கிறுக்கா? மறுபடி கடனா? சான்றிதழ் வந்த கையோட வாங்குனா மறுபடி ஒரு காப்பாளிய அனுப்பிருவான். மெஷின் அது. தொடச்சா தொடச்சுட்டுப் போறான். அதுக்கு வலிக்கவா போவுது?”

“நம்ம காருக்குத்தான வாங்குச்சு.”

“நான் வாங்கச் சொன்னனா?”

“இல்ல. நான் அழுதேன். அது போதும்னு நெனச்சுட்டு.”

மிக்கேல் மூலையைப் பார்த்தான். ஆபீசர் பேச்சைக் கேட்டதா, பாதியில் நின்றுபோயிருந்ததா என்று தெரியவில்லை. தட்டில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. “உனக்குத் தோணுனதச் செய்யி” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

வங்கி முகப்பில் இருந்த இயந்திரம் மிகவும் உற்சாகமாக இருந்தது. கடனே இல்லாத வாடிக்கையாளரைப் பார்ப்பது அதற்கு அபூர்வம்.

“கடனின் நோக்கம்?”

“வீட்டு ஆளு ஒருத்தரு சிக்கல்ல மாட்டிக்கிட்டாரு.”

“தங்களுக்கு அவர் என்ன உறவு?”

ஜெசிந்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். “தம்பி” என்றாள்.

பணம் வந்தது. மூன்று காப்பாளிகளின் கடனும் வட்டியோடு அடைந்தது. ஒப்படைப்புச் சோதனையில் ஆபீசர் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. தலைமையக வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. சமையலறை மூலையில் அது நின்ற இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. காபி போடும்போது ஜெசிந்தா இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

புதுக்கடனுக்கான காப்பாளி மூன்றாம் நாள் வந்தது. வாசலில் மணி அடித்ததும் மிக்கேல்தான் கதவைத் திறந்தான். திறந்தவன் சத்தம் போட்டுச் சிரித்தான். ஜெசிந்தா ஓடிவந்து பார்த்தாள். இந்தக் குடும்பத்தை நன்கு அறிந்தது, நிலுவை ஏதும் இல்லாதது என்ற தகுதியில் தலைமையகம் ஆபீசரையே திருப்பி அனுப்பியிருந்தது. தட்டில் வெளிச்சம் பளிச்சென்று சுற்றியது. முழுக் கணிநேரமும் கிடைக்கிறது போலும். முன்னைவிடத் திருத்தமாக உருண்டு உள்ளே வந்து, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது. ஜெசிந்தா கதவைச் சாத்தினாள்.

ஆபீசரே ஆரம்பித்தது.

“கணக்கப் பாத்தேன் அக்கா. தம்பிக்காக வாங்குனதாப் போட்டிருக்கு. தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இப்பத்தான் ஒரு வழியாக் கரையேறுனீங்க. அதுக்குள்ள இந்தக் கடன் தேவைதானா?”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

“அடுத்தவங்களுக்காகக் கடன் வாங்குறது இருக்கே, அந்தப் பழக்கத்த மொதல்ல நிறுத்தணும்” என்றது ஆபீசர். “எல்லாக் குடும்பமும் அதுலதான் கெட்டுப் போவுது.”