எல்லாரும் ஏறியாச்சு

முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டியின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பெரிய தலை அங்கே இருக்க வழியே இல்லை.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கடல். அதன் இரைச்சல் மட்டும் ஈர இலைகளின் வாசனையோடு மேலே ஏறி வந்தது. பொழுது இன்னும் முழுசாகச் சாயவில்லை, ஆனாலும் மரங்களுக்கு அடியில் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. கணவன் வைப்பரை முழு வேகத்தில் ஓடவிட்டு, தம்பி ஓட்டிப்போகும் முன் வண்டியின் சிவப்பு விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனான். வைப்பர் துடைக்கும்போது அந்தத் தலைகள் தெளிவாகத் தெரியும், அடுத்த நொடி தண்ணீரில் கரைந்துவிடும்.

பெரிய தலையில் நாத்தனாரின் கொண்டை. அதே ஒருபக்கச் சாய்வு. ஆனால் நாத்தனாரை அருவியிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தாள் டீச்சர்.

அந்தக் குடும்பம் எங்கே போனாலும் தலை எண்ணுவது அவள் பொறுப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் வந்த பழக்கம். ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு தலையாகக் காற்றில் குத்தி, உதடு அசையாமல் எண்ணுவாள். "டீச்சர் எண்ணிட்டாளா? அப்ப வண்டிய எடு" என்பது வீட்டில் எல்லார் வாயிலும் வரும் வேடிக்கைப் பேச்சு. மகள்கூட பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, அம்மா மாதிரியே விரலால் குத்திக் குத்தி எண்ணும்.

அதைத்தான் நாத்தனார் இன்று மதியம் பிடித்துக்கொண்டார். முதல் அருவியில் பாசி வழுக்கி மகள் விழப்போனாள். நாத்தனார்தான் பாய்ந்து பிடித்தார். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அதற்கு, முன்பின் தெரியாத ஜனங்கள் குளித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "ஊரான் பிள்ளைங்கள எல்லாம் எண்ணத் தெரியுது, பெத்தது எங்க நிக்குதுன்னு தெரியல! இவளை நம்பிப் பிள்ளைய விடுறீங்க பாரு, உங்களச் சொல்லணும்" என்று சத்தம் போட்டார். கணவன் துண்டை உதறிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். கொழுந்தனும் ஓரகத்தியும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாவது அருவியில் மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு வண்டியைப் பார்த்து ஓடினார்கள். மகள் காலையிலிருந்தே அத்தையோடு சித்தப்பா வண்டியில்தான் வந்தாள், அதில் ஏறியிருப்பாள். டீச்சர் மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது, கீழே, படிகளின் அடியில், நாத்தனாரின் பெரிய கறுப்புக் குடை தண்ணீரைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எதையோ மறந்துவிட்டார் போல.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கொழுந்தன் கத்தினான்.

டீச்சர் விரலை நீட்டவில்லை. "ஏறியாச்சு" என்றாள்.

கொஞ்ச நேரம் தவிக்கட்டும், ஒரு வளைவு தாண்டியதும் 'ஐயையோ, அண்ணியை விட்டுட்டோம்' என்று திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான். ஒரு வளைவு போயிற்று. அடுத்ததும் போயிற்று. இப்போது சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய் கனத்துக்கொண்டே வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிற வாய். சீ, இப்படியும் ஒரு பொம்பளையா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெரிய தலை தெரிந்தது. அப்பாடா! எப்படியோ ஓடிவந்து ஏறிவிட்டார். அந்தக் குடை வேறு யாருடையதாவது இருக்கும். அங்கே வேறு யாருமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வெட்கங்கெட்ட மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடியில் ஒரு சின்னக் கை எழுந்து ஆடியது. டீச்சர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினாள். அவள் கையை இறக்கிய பிறகும் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. ஓரகத்தி.

"அக்கா, பின்னாடி ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சிருக்காங்க. எப்ப ஏறுனாங்கன்னே தெரியல, திரும்பிப் பாத்தா உக்காந்திருக்காங்க. அண்ணி வாயே திறக்கல. கோவமா?"

"பாப்பா?"

"அதுவும் பேசல. அத்தை மடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. துண்டு குடுத்தேன், வாங்கல." குரல் தணிந்தது. "ஹீட்டர் போட்டும் குளிருதுக்கா. காலுக்கடியில தண்ணி நிக்குது. எங்கருந்து வருதுன்னே தெரியல."

அவள் குரலுக்குப் பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் இல்லை. பாறையில் விழுந்து இரைகிற அதே சத்தம், வண்டிக்குள்ளிருந்து. பிறகு டவர் போய்விட்டது.

"அவங்கள நிறுத்தச் சொல்லலாமா?"

"இந்த வளைவுலயா? என்ன ஆச்சு உனக்கு?" கணவன் ஒரு கையால் அவள் தோளைத் தட்டினான். "அக்கா பேசுனதையே நெனச்சிட்டிருக்கியா? அவ வாய்தான் அப்படி. மனசுல ஒண்ணும் இல்ல. மதியம் நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், தப்புதான்."

அவன் அப்படிச் சொன்னதும் டீச்சர் கூனிக் குறுகிப்போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். கண் மறுபடி முன் வண்டிக்குப் போயிற்று.

கொண்டை தெரியவில்லை.

வைப்பர் துடைத்தது. கொண்டை இருந்த இடத்தில் வெளுப்பாக, நீளமாக ஏதோ இருந்தது. அது இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. சின்னக் கை இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது, வைப்பரின் அதே கணக்கில். பாசி வாசனை அடித்தது. இந்த வண்டிக்குள்ளேயே.

போன் அடித்தது. திரையில் 'அண்ணி' என்று வந்தது.

"ஏண்டி." நாத்தனார் குரலில் அதட்டல் இல்லை. அழுகை இருந்தது. "மேல நின்னு என்னைப் பாத்தியே. பாத்துட்டுத்தானே போன?"

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி விடு. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். தண்ணி ஏறுது. படியே தெரியல. பாறை மேல நிக்கிறோம். சீக்கிரம் வந்து சேரு."

"நிக்கிறோமா? யாரு?"

"யாரா? பாப்பா ஒத்தச் செருப்ப விட்டுட்டேன்னு அழுதா. அத எடுக்கத்தானே குடைக்குள்ள கூட்டிட்டு எறங்குனேன்."

போன் கை மாறும் சத்தம். சின்ன மூச்சு. பல் தந்தியடிக்கும் சத்தம்.

"அம்மா, செருப்பு கிடைக்கல. நீ என்னைய எண்ணலையா?"

டீச்சர் கணவன் பக்கம் திரும்பினாள்.

"வண்டியத் திருப்புங்க."

"ஏன்?"

"அண்ணி அங்கதான் நிக்கிறாங்க. எனக்குத் தெரியும். வேணும்னேதான் ஏறியாச்சுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். "பாப்பாவும் அங்கதான்..."

கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பெற்றவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு முன்னால் பார்த்தான். "என்ன பேச்சு இது? பாப்பா இதோ இருக்கா. கை காட்டுறா பாரு."

முன் வண்டி நின்றது. சாலையை மறித்துக்கொண்டு, குறுக்காக.

இவர்கள் வண்டியும் நின்றது. திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மரம். ஒரு பக்கம் பள்ளம்.

முன் வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் மடமடவென்று சாலையில் கொட்டியது. வெகுநேரம் கொட்டியது. உள்விளக்கு எரிந்தது. முன் சீட்டில் கொழுந்தனும் ஓரகத்தியும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அசையவில்லை. ஓரகத்தியின் கூந்தல் மட்டும் மெல்ல மேலே மிதந்து, கீழே படிந்தது.

பெரியது இறங்கவில்லை. சின்னது இறங்கியது.

மகளின் சட்டை. மகளின் நடை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"பாப்பா!" என்று கணவன் கதவுப் பூட்டை விடுவித்தான். டக்.

"அம்மா." காதில் போன் சொன்னது. "தண்ணி அத்தை இடுப்புக்கு வந்துடுச்சு. அம்மா."

அது கண்ணாடியோரம் வந்து நின்றது. மூச்சு விடவில்லை. கண்ணாடியில் ஆவி படியவில்லை. திரும்பி முன் வண்டியைப் பார்த்தது, ஆள்காட்டி விரலை நீட்டி, உதடு அசையாமல், காற்றில் ஒரு குத்து. இன்னொரு குத்து. இந்தப் பக்கம் திரும்பி, கணவனைப் பார்த்து ஒரு குத்து.

பிறகு அந்தச் சின்ன விரல், நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, டீச்சரின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.