தலைகீழாய் எரிந்த அடுப்பு

காற்றுத் துளையை இறுக மூடிய பிறகும், அறையைச் சூடாக்கும் அந்த இரும்பு அடுப்பு தணியவில்லை.

தையற்காரி குனிந்து பார்த்தாள். வழக்கத்துக்கு மாறாக அன்று விறகைத் தலைகீழாக அடுக்கியிருந்தாள். பருத்த கட்டைகள் அடியில், சுள்ளி உச்சியில், பற்றவைத்ததும் உச்சியில்தான். மேலிருந்து மெல்லக் கீழிறங்கும் தீ விடியும்வரை தாங்குமாம். கணவர் இருந்தவரை நடுச்சாமத்தில் எழுந்து கட்டை போடுவது அவர் வேலை. இப்போது இவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. குளிரில் விரல் விறைத்துவிட்டால் ஊசி பிடிக்கவும் முடியாது.

தொலைபேசியில் தம்பி சிரித்தான்.

"அடுப்பத் தலைகீழா எரிக்கிறியாமே? அடுத்து நீயே தலைகீழா நிக்கப் போறியாக்கா?"

"கிண்டல் பண்ணு, பண்ணு. ஒரே அடுக்குல விடியற வரைக்கும் எரிஞ்சுட்டா, வீட்ட வித்துட்டு உன்கூட வந்துடுன்னு இனிமே நீ வாயத் திறக்கக் கூடாது."

"எரியலேன்னா?"

"வரேன்டா. போதுமா?"

பேசி முடித்ததும் வீடு பழையபடி ஊமையானது. வெளியே அந்தி இருண்டுகொண்டிருந்தது. சூடேறிய இரும்பின் வாசமும் பிசின் கசியும் மரத்தின் வாசமும் அறையில் கலந்து நிற்க, அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் தீ பொங்குவதும் அடங்குவதுமாக, தூங்குகிற ஒருவரின் நெஞ்சைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றே போகாத அடுப்பில் இது எப்படி என்று ஒரு கணம் நெருடியது. ஆனாலும் இந்த வீட்டில் தன்னுடையதல்லாத மூச்சு ஒன்றைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.

ஊசியில் கோத்த நூலின் நுனி அடுப்பை நோக்கிச் சாய்ந்தது.

மூடிய ஜன்னலின் திரை அறைக்குள் உப்பியது. மடியிலிருந்த துணியின் ஓரம் எழுந்தது. அவள் நெற்றி முடியும் அதே பக்கம் எழுந்தது.

மூச்சை இழுத்தாள். தீ அடங்கியது.

விட்டாள். தீ பொங்கியது.

பயந்துபோய் மூச்சைப் பிடித்தாள். தீயும் அசையாமல் நின்றது. காத்திருந்தது.

பிறகு அது இழுத்தது. அவள் நெஞ்சு காலியானது.

எழுந்தாள். தடுமாறினாள். கதவு. வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தோளால் முட்டினாள். அசையவில்லை, வெளியிலிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. மேசைமேல் தொலைபேசி அடித்தது. தம்பியாகத்தான் இருக்கும். கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. திறந்த வாயிலிருந்து வெதுவெதுப்பாக, நிதானமாக, ஏதோ ஒன்று அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தீ பிரகாசமாக நிமிர்ந்தது. எரிந்திருந்தது உச்சிச் சுள்ளி மட்டும்தான். பருத்த கட்டைகளை அது இன்னும் தொடவேயில்லை.

விடியும்வரை தாங்கும்.